போர்வீரர் பென்சனும் மருத்துவச் சோதனையும்



போர்களைப் பற்றிப் பேசும் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான நாளோடு முடிந்துவிடுகின்றன. எந்தத் தளபதி வென்றார், எந்தக் கோட்டை வீழ்ந்தது என்பதையெல்லாம் நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். ஆனால், ஒரு காலை இழந்து, கட்டையை ஊன்றிக்கொண்டு ஊர் திரும்பிய சாதாரணச் சிப்பாய் அதன் பிறகு எப்படிப் பிழைத்தான் என்ற கேள்வியைப் பாடநூல் கேட்பதில்லை. இன்று நாம் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், போரில் ஊனமுற்றவர்கள் அரசாங்கத்திடம் உதவிப் பணம் கேட்டபோது, மருத்துவர் முன்னால் நின்று தங்கள் ஊனத்தை எப்படி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்பதைப் பார்ப்போம்.

அமெரிக்கக்காரன் கதை நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பால்மரக் காட்டிலோ தோட்டத்து ஆலையிலோ விரலை இழந்து, சொக்சோ மருத்துவ வாரியத்தின் முன் போய் நின்ற ஒருவர் நம் வீட்டிலோ பக்கத்து வரிசை வீட்டிலோ இருப்பார். இந்த வரலாற்றைக் கேட்டால், "என்னிடமும் இதையேதானே கேட்டார்கள்!" என்று அவர் சொல்லக்கூடும்.

போரில் அடிபட்டவனைக் காப்பது ஊரின் கடமை என்ற எண்ணம் பழையது. இங்கிலாந்தில் எலிசபெத் அரசியின் காலத்தில், 1593-ஆம் ஆண்டில், ஊனமுற்ற சிப்பாய்களுக்காக ஊர்தோறும் வரி தண்டுவதற்கு ஒரு சட்டம் வந்தது. அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் அந்த வழக்கத்தைக் கையோடு கொண்டு போனார்கள். 1636-இல் பிளிமத் என்ற குடியேற்றத்தில், ஊரைக் காக்கப் போய் ஊனமுற்றவனை ஊரே ஆயுள் முழுதும் காப்பாற்ற வேண்டும் என்று விதி செய்தார்கள். பிறகு, இங்கிலாந்தை எதிர்த்து விடுதலைப் போர் தொடங்கியதும், 1776 ஆகஸ்டு மாதம் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டம் செய்தது. கை கால் இழந்து பிழைப்புக்கு வழியற்றுப் போனவர்களுக்கு அரைச் சம்பளம் என்பது அதன் சாரம். பேரவையின் கையில் அப்போது பணமில்லை. கொடுக்கும் பொறுப்பை மாநிலங்களின் தலையில் வைத்துவிட்டார்கள்.

நம் கதை உண்மையில் சூடு பிடிப்பது 1861-இல் தொடங்கி 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில்தான். அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்து போன தென் மாநிலங்களுக்கும், ஒன்றிய அரசுக்கும் நடந்த போர் அது. ஒன்றியத்தின் படையில் மட்டும் 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அந்நாளில் பயன்பட்ட துப்பாக்கிக் குண்டு மெதுவான ஈயத்தால் ஆனது. எலும்பில் பட்டால் துளைத்துக்கொண்டு போகாது; நசுங்கி விரிந்து எலும்பைச் சுக்குநூறாக்கிவிடும். கிருமிகளைப் பற்றி மருத்துவர்களுக்கு அன்று தெரியாது. ஆகவே காயம் அழுகுவதற்கு முன் கையையோ காலையோ வெட்டி எடுப்பதுதான் உயிரைக் காக்கும் வழி என்று கருதினார்கள். ஒன்றியப் படையில் ஏறக்குறைய 30,000 பேருக்கு இப்படி அறுவை நடந்தது. அவர்களில் நால்வரில் மூவர் பிழைத்தார்கள் என்பது வியப்புக்குரிய செய்திதான்.

ஆனால் குண்டுக்கு இரையானவர்களைவிட நோய்க்கு இரையானவர்களே அதிகம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாசறைத் தண்ணீர் கெட்டது. வயிற்றுப்போக்கும் குடற்காய்ச்சலும் மலேரியாவும் படையை அரித்தன. ஈரத்தில் படுத்துப் படுத்து மூட்டுவாதம் வந்தது. இவர்களும் ஊர் திரும்பினார்கள். கை கால் எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு நாள் முழுக்க ஏர் பிடிக்க உடம்பில் வலுவில்லை.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1862 ஜூலை 14-ஆம் நாள், பென்சன் சட்டம் ஒன்று நிறைவேறியது. படைப் பணியின் நேரடி விளைவாக ஊனமுற்றவர் எவரும் பென்சன் கேட்கலாம். முழு ஊனம் என்று தீர்மானமானால் சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். உயர் அதிகாரிக்கு 30 டாலர். படையில் இருந்தபோது சிப்பாய் வாங்கிய சம்பளம் மாதம் 13 டாலர்தான் என்பதை வைத்துப் பார்த்தால், 8 டாலர் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஊனம் ஒன்றாக இருந்தும் அதிகாரிக்கு ஒரு விலை, சிப்பாய்க்கு ஒரு விலை என்று வைத்ததை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். 1866-இல் வந்த சட்டம் இதைச் சற்றே திருத்தியது. இரு கைகளையோ இரு கண்களின் பார்வையையோ இழந்தவருக்கு மாதம் 25 டாலர், இரு பாதங்களை இழந்தவருக்கு 20, ஒரு கையோ ஒரு பாதமோ இழந்தவருக்கு 15 என்று பதவி பாராமல் வகுத்தது.

சரி, பணத்தை வாங்குவது எப்படி? மனுக் கொடுத்தவர் மூன்று சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். முதலாவது, படைத்துறைப் பதிவேடு. எந்த நாளில் எந்த மருத்துவமனையில் கிடந்தார் என்பது அதில் இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் இரண்டாவது, அவருடைய அதிகாரியோ உடனிருந்த தோழர்களோ சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம். "இன்ன ஊரில், இன்ன நாளில், இவர் இடுப்பில் அடிபட்டதை நான் கண்ணால் கண்டேன்" என்று அவர்கள் எழுத வேண்டும். மூன்றாவது, அவருடைய சொந்த உடம்பு. அதைப் படித்துச் சொல்பவர் அரசாங்கம் அமர்த்திய மருத்துவர்.

முதலில் ஒரு மருத்துவர் தனியாகச் சோதித்தார். பிறகு மூவர் அடங்கிய மருத்துவர் குழுக்கள் ஊரூராக அமைக்கப்பட்டன. அவர்கள் எழுதி அனுப்பிய சான்றிதழ்கள் இன்றும் வாஷிங்டன் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அச்சிட்ட தாள், அதில் மனித உருவத்தின் கோட்டுப் படம், முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. குண்டு பாய்ந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் மருத்துவர் அந்தப் படத்தின்மேல் புள்ளியிட்டுக் காட்டுவார். நாடித் துடிப்பு, மூச்சு, உடம்புச் சூடு, உயரம், எடை, வயது எல்லாம் எழுதுவார். வந்தவர் தம் வாயால் சொன்ன குறைகள் ஒரு பகுதியில் இருக்கும். மருத்துவர் தாமே கண்டவை வேறு பகுதியில் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்து எழுதும் வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி சொன்னது வேறு, மருத்துவர் கண்டது வேறு என்ற அந்தக் கோடு இன்றுவரை அழியவில்லை.

கடைசியில் ஒரு பின்னத்தை எழுதி முடிப்பார்கள். 1873-இல் சட்டங்களைத் தொகுத்தபோது, ஒரு கை அல்லது ஒரு பாதம் இழந்ததற்குச் சமமான ஊனத்துக்கு மாதம் 18 டாலர் என்று அளவு வைத்தார்கள். அதனால் பதினெட்டில் இத்தனை பங்கு என்று எழுதும் முறை வந்தது. மூட்டுவாதத்துக்குப் பதினெட்டில் ஆறு, காது மந்தத்துக்குப் பதினெட்டில் இரண்டு என்பது போல. அந்தக் காலத்துப் பள்ளி மாணவனுக்குப் பின்னக் கணக்கு வராவிட்டாலும், ஊனமுற்ற அவன் தகப்பனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் பரிந்துரை மட்டும்தான் செய்தார். பணம் உண்டா இல்லையா என்று தீர்மானித்தது வாஷிங்டனில் இருந்த பென்சன் அலுவலகம். அங்கே இருந்த எழுத்தர் அந்தச் சிப்பாயின் முகத்தைப் பார்த்தது கிடையாது. அவர் பார்த்தது தாளை மட்டுமே. தாளில் ஏறாத வலி, அவரைப் பொறுத்தவரை இல்லாத வலி. இந்த அலுவலகத்துக்கென்றே பெரிய செங்கல் மாளிகை ஒன்றை 1882-இல் தொடங்கி 1887-இல் கட்டி முடித்தார்கள். அதன் வெளிச்சுவரைச் சுற்றிலும் நடந்து போகும் சிப்பாய்களின் சிற்ப வரிசை இருக்கிறது. இன்று அது கட்டடக் கலை அருங்காட்சியகம்.

கால் இழந்தவருக்கு இந்தச் சோதனையில் பெரிய சிக்கல் இல்லை. வெட்டுண்ட கால் தானே பேசிவிடும். வயிற்றுப்போக்கால் பத்து ஆண்டுகளாக இளைத்துப் போனவர் என்ன செய்வார்? மருத்துவர் பார்க்கிற அன்று வயிறு நன்றாக இருந்தால்? மூட்டுவாதக்காரர் வெயில் காலத்தில் சோதனைக்கு வந்து, மழைக் காலத்து வலியை எப்படிக் காட்டுவார்? பிலடெல்பியா மருத்துவர் ஜேக்கப் மெண்டஸ் டா கோஸ்டா 1871-இல் ஒரு கட்டுரை எழுதினார். போரிலிருந்து வந்த பல சிப்பாய்களுக்கு இதயம் படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது. ஆனால் இதயத்தைச் சோதித்தால் கோளாறு எதுவும் புலப்படவில்லை என்று அதில் விளக்கினார். மருத்துவ உலகம் அந்த நோய்க்கு அவர் பெயரையே வைத்தது. அச்சமும் அதிர்ச்சியும் உடம்பில் தங்கிவிடும் என்பதை உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஐயம் ஏற்பட்டால் பென்சன் அலுவலகம் சிறப்பு விசாரணை அதிகாரிகளை ஊருக்கே அனுப்பியது. அவர்கள் அண்டை வீட்டார், பழைய முதலாளி, ஊர்க் கடைக்காரர் என்று எல்லாரையும் உட்கார வைத்து வாக்குமூலம் எழுதினார்கள். இவர் படைக்குப் போகுமுன் நலமாக இருந்தாரா? வாரத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போகிறார்? குடிப் பழக்கம் உண்டா? ஒரு மனிதனின் அந்தரங்கம் முழுவதும் தெருவுக்கு வந்துவிடும்.

இதில் மிகவும் அடிபட்டவர்கள் கறுப்பினச் சிப்பாய்கள். ஏறக்குறைய 1,80,000 கறுப்பர்கள் ஒன்றியப் படையில் போரிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அடிமைக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? வயது என்ன என்று கேட்டால், "முதலாளியின் மூத்த மகன் பிறந்த ஆண்டு" என்பது போலத்தான் பலரால் சொல்ல முடிந்தது. படையில் சேரும்போது எழுத்தர் முதலாளியின் குடும்பப் பெயரை எழுதிவிடுவார். விடுதலைக்குப் பிறகு அந்தப் பெயரை உதறிவிட்டுத் தகப்பன் பெயரைச் சூட்டிக்கொள்வார்கள். பென்சன் அலுவலகமோ இரு பெயர்களும் ஒரே ஆளுடையவை என்று மெய்ப்பிக்கச் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வேறொருவர் எழுதியதன்மேல் பெருக்கல் குறி இட்டார்கள். அவர்களுக்குப் படை மருத்துவமனையில் கிடைத்த கவனிப்பும் குறைவு. ஆகவே பதிவேட்டில் எழுத்தும் குறைவு. காட்டு முகாமில் நண்பன் மூலிகை அரைத்துக் கட்டிய காயத்துக்கு எந்த ஏட்டில் சாட்சி இருக்கும்?

சட்டத்தில் நிற வேறுபாடு இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பென்சன் தொகை கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒன்றுதான். அந்நாளில் அது அரிய செய்தி. ஆனால் மனுக்களை எடுத்து ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள், வெள்ளையரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஏதாவது ஒரு கட்டத்தில் பென்சன் பெற்றதாகவும், கறுப்பரில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் அளவில்தான் பெற்றதாகவும் கண்டிருக்கிறார்கள். சட்டம் சமமாக இருந்தது. சான்றைத் தேடிக் கொடுக்கும் வசதி சமமாக இல்லை.

அடிமைகளை இரவோடு இரவாக மீட்டு வடக்கே அழைத்துச் சென்ற ஹேரியட் டப்மன் அம்மையாரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். போரில் அவர் தாதியாகவும் ஒற்றராகவும் பணி செய்தார். அவருக்கு முறையான நியமனத் தாள் எதுவும் இல்லை. 1895-இல் கணவரின் பெயரால், விதவைக்குரிய 8 டாலர் கிடைத்தது. 1899-இல் நாடாளுமன்றம் அவருக்கென்றே தனிச் சட்டம் செய்து அதை 20 டாலராக உயர்த்தியது. போர் முடிந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

தாளின் அருமை தோட்டத்து மக்களுக்குத் தெரியாததல்ல. பள்ளி முடிந்த மாலை வேளைகளில் பெற்றோர் சிலர் அரசாங்கக் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஆசிரியரைத் தேடி வருவது நம் தோட்டங்களில் வழக்கம். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் கிராணி எழுதிய பெயர் வேறொன்று. "முனியம்மா"வும் "முனியம்மாள்"உம் ஒருவர்தான் என்று சத்தியப் பத்திரம் எழுத வேண்டிய நிலையை எத்தனையோ குடும்பங்கள் கண்டிருக்கின்றன. அந்தக் கறுப்பினச் சிப்பாய்களின் கோப்புகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்தக் கடிதங்கள்தாம் நினைவுக்கு வந்தன.

அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மனு எழுதிக் கொடுக்கத் தரகர்கள் கிளம்பினார்கள். ஒரு மனுவுக்கு 10 டாலருக்கு மேல் கூலி வாங்கக் கூடாது என்று சட்டம் கட்டுப்படுத்தியது. ஜார்ஜ் லெமன் என்ற வாஷிங்டன் தரகர் 1877-இல் நேஷனல் ட்ரிப்யூன் என்ற ஏட்டைத் தொடங்கினார். பழைய சிப்பாய்களுக்காகவே நடந்த ஏடு. அவருக்கு அதில் வியாபாரம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் எந்தச் சட்டம் வந்தது, யார் மனுச் செய்யலாம் என்பது மூலை முடுக்கில் இருந்த உழவனுக்கும் தெரிய வந்தது அந்த ஏட்டால்தான். காணாமற்போன தோழனைச் சாட்சிக்காகத் தேடி அறிவிப்புக் கொடுத்தவர்களும் உண்டு.

1879-இல் ஒரு சட்டம், புதிதாக மனுச் செய்பவருக்கும் படையிலிருந்து விலகிய நாள் முதல் கணக்கிட்டு நிலுவையை மொத்தமாகக் கொடுக்கச் சொன்னது. மனுக்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. 1889-இல் பென்சன் அலுவலகத் தலைவராக வந்தவர் ஜேம்ஸ் டேனர். 1862-இல் போரில் இரு கால்களையும் இழந்தவர்; பிறகு சுருக்கெழுத்துப் படித்து, அதிபர் லிங்கன் சுடப்பட்ட இரவில் சாட்சிகளின் வாக்குமூலத்தைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர். ஊனத்தின் வேதனை தெரிந்த அவர் பென்சனைத் தாராளமாக உயர்த்தத் தொடங்கினார். கருவூலம் காலியாகிவிடும் என்று கூச்சல் எழுந்து, சில மாதங்களிலேயே பதவி விலகினார். அவருடைய நெஞ்சம் நல்லது, கணக்குத்தான் பிசகு. மறு ஆண்டே, 1890-இல், சட்டம் அவர் பக்கம் சாய்ந்தது என்பது வேறு கதை. 90 நாள் படையில் இருந்து நற்பெயருடன் விலகிய எவரும், இப்போது உடல் உழைப்புக்கு இயலாதவராக இருந்தால், காரணம் போர்தான் என்று காட்ட வேண்டியதில்லை என்றது புதிய சட்டம். தீய பழக்கத்தால் வந்த ஊனமாக மட்டும் இருக்கக் கூடாது. மாதம் 6 முதல் 12 டாலர். 1893 வாக்கில் ஒன்றிய அரசின் செலவில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு பென்சனுக்கே போயிற்று. 1904-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 62 வயதைக் கடப்பதே ஓர் ஊனமாகக் கருதப்படும் என்று ஆணையிட்டார். முதுமைக்கு மருத்துவச் சான்று தேவையில்லாமல் போயிற்று.

அந்தப் போரின் கடைசி பென்சன் எப்போது நின்றது தெரியுமா? 2020-ஆம் ஆண்டில்! ஐரீன் டிரிப்லெட் என்ற பெண்மணி அந்த ஆண்டு மே 31-ஆம் நாள் இறந்தார். அவருடைய தகப்பனார் உள்நாட்டுப் போரில் இருந்தவர். எண்பது வயதைக் கடந்த பிறகு பிறந்த மகள். தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பிள்ளை என்ற முறையில் மாதம் 73 டாலர் 13 காசு பெற்று வந்தார்.

முதல் உலகப் போர் புதிய கணக்கைக் கொண்டுவந்தது. 1917-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், ஊனத்தால் சராசரி மனிதனின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைகிறது என்பதை விழுக்காட்டில் அளக்கச் சொன்னது. இதில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கட்டைவிரல் போனால் எழுத்தருக்கு நேரும் இழப்பும், தச்சருக்கு நேரும் இழப்பும் ஒன்றா? பால் வெட்டும் கைக்குக் கட்டைவிரல் எவ்வளவு முக்கியம் என்று நமக்குத் தெரியும். 1925-இல் வெளிவந்த அட்டவணை அவரவர் தொழிலையும் கணக்கில் எடுத்தது. நடைமுறையில் அது பெரும் குழப்பம் என்று 1933-இல் மறுபடியும் சராசரிக்கே திரும்பினார்கள். 1945-இல் வந்த அட்டவணையே பல திருத்தங்களுடன் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. என் மனம் 1925-ஐத்தான் நியாயம் என்கிறது.

வியட்நாம் போருக்குப் பின் வந்தவை கண்ணுக்குத் தெரியாத காயங்கள். 1962 முதல் 1971 வரை காடுகளின்மேல் அமெரிக்க விமானங்கள் தெளித்த இலையுதிர்ப்பு நஞ்சு, சிப்பாய்களின் உடம்பிலும் இறங்கியிருந்தது. எந்த நாளில் எந்த மரத்தடியில் மூச்சோடு உள்ளே போயிற்று என்று யாரால் சாட்சி சொல்ல முடியும்? 1991-இல் இதற்கெனச் சட்டம் வந்தது. வியட்நாமில் பணி செய்தவருக்குக் குறிப்பிட்ட நோய்கள் வந்தால் நஞ்சே காரணம் என்று அரசாங்கம் தானே எடுத்துக்கொள்ளும் என்றது. 2022-இல் வந்த சட்டம், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பை எரிகுழிப் புகையைச் சுவாசித்தவர்களுக்கும் அதே சலுகையை நீட்டியது. போர் அதிர்ச்சியால் வரும் மனநோய்க்கு 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனிப் பெயர் இடம்பெற்றது.

இப்போது அங்கே சோதனை எப்படி நடக்கிறது? முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவரோ, துறை ஒப்பந்தம் செய்த தனியார் மருத்துவரோ சோதிக்கிறார். அவர் மருந்து தரமாட்டார், சிகிச்சை செய்யமாட்டார். அவருடைய வேலை பழைய குழுவின் வேலையேதான்: பார்த்து எழுதி அனுப்புவது. விழுக்காட்டைத் தீர்மானிப்பவர் முகம் பாராத அலுவலர். இது புரியாமல் போகிறவர்கள், மருத்துவர் அன்பாகப் பேசினாரே, பிறகு ஏன் மறுத்தார்கள் என்று குழம்புகிறார்கள்.

சோதனை நாளைத் தவறவிடுவதே முதல் ஆபத்து. தகுந்த காரணமின்றிப் போகாவிட்டால், முதல் மனுவைக் கையில் உள்ள தாள்களை மட்டும் வைத்துத் தீர்ப்பார்கள். உயர்வு கேட்ட மனுவாக இருந்தால் தள்ளிவிடுவார்கள். போக முடியாதவர் முன்கூட்டியே சொல்லி வேறு நாள் கேட்கலாம்.

மூட்டு மடங்கும் அளவைக் கோண அளவி வைத்து அளப்பார்கள். எத்தனை பாகை மடங்குகிறது என்பதோடு, எந்தப் பாகையில் வலி தொடங்குகிறது என்பதும் எழுதப்பட வேண்டும். 1995-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, திரும்பத் திரும்ப உழைத்த பின் வரும் வலியையும், சில நாட்களில் மட்டும் கடுமையாகும் வலியையும் மருத்துவர் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. வெயில் நாளில் சோதனைக்கு வந்த பழைய மூட்டுவாதக்காரரின் குறை நூறாண்டு கழித்துக் கேட்கப்பட்டது! இதனால்தான் அங்குள்ள படைவீரர் சங்கங்கள், சோதனைக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே ஒரு சிறு நோட்டில் எழுதி வைக்கச் சொல்கின்றன. வலி வந்த நாள், எவ்வளவு நேரம் நீடித்தது, அன்று என்ன வேலை நின்றது, எந்த மாத்திரை சாப்பிட்டார் என்பவற்றை எழுத வேண்டும். மனைவியோ உடன் பணியாற்றிய தோழரோ கண்டதை எழுதித் தந்தால் அதுவும் சாட்சியாகிறது.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டதும், மரியாதைக்கு "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நம்மவர்களிடம் இது இன்னும் அதிகம். பெரிய டாக்டர் முன்னால் வலியைச் சொல்வது முறையில்லை என்று எண்ணி, "இப்ப பரவாயில்லைங்க ஐயா" என்பார்கள். அந்தச் சொல் அப்படியே தாளில் ஏறிவிடும். மறு பக்கம், இருப்பதை இரட்டிப்பாக்கிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பின்னால் கையை உயர்த்த முடியாது என்றவர், சட்டையைக் கழற்றும்போது தாராளமாக உயர்த்தினால் மருத்துவர் அதையும் எழுதுவார். பிறகு அவர் சொன்ன உண்மைகளுக்கும் மதிப்புப் போய்விடும்.

விழுக்காட்டைக் கூட்டும் முறையும் விந்தையானது. 50 விழுக்காடு ஊனமும் 30 விழுக்காடு ஊனமும் சேர்ந்தால் 80 ஆகாது. முதல் ஊனம் பாதியை எடுத்துக்கொண்டது. மீதியுள்ள 50-இல் நூற்றுக்கு 30 என்றால் 15. ஆக 65, அதைப் பத்தின் மடங்காக்கி 70 என்று வைக்கிறார்கள். கணக்குத் தெரியாதவர்கள் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக் கோபப்படுவது இயல்பு.

இரு பக்கச் சான்றும் ஏறக்குறைய சமமாக இருந்தால், ஐயத்தின் பலன் படைவீரருக்கே என்பது அந்நாட்டுச் சட்டம். தீர்ப்பு ஒத்துவராவிட்டால் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். மருத்துவர் எழுதிய அறிக்கையின் படியையும் கேட்டு வாங்கலாம். நெடுங்காலம் பென்சன் துறையின் சொல்லே முடிவாக இருந்தது. அதை எதிர்த்து வழக்காட 1988-இல் வந்த சட்டந்தான் படைவீரர்களுக்கெனத் தனி நீதிமன்றத்தை ஏற்படுத்தியது. அதற்குள் உள்நாட்டுப் போரின் சிப்பாய்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.